நெஞ்சுக்குள் இருந்து ஒரு சேதி

எங்கள் பக்கத்து வீட்டு மாமாவுக்கு நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு கருவி இருக்கிறது. ஏறக்குறைய தீப்பெட்டி அளவுதான். அதன் பெயர் பேஸ்மேக்கர். இதயம் மிக மெதுவாகத் துடித்தால், அது சிறிது மின்சாரம் கொடுத்துத் துடிக்க வைக்கும்.

மாமா களியக்காவிளைச் சந்தையில் வாழைக்குலை வியாபாரி. "திருவனந்தபுரம் போனால் ஒரு நாள் வியாபாரம் போய்விடுமே" என்று இரண்டு வருடம் பரிசோதனைக்குப் போகவில்லை. மாமிதான் பாறசாலையில் பஸ் ஏற்றி, ஸ்ரீ சித்திரா மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். நம் நாட்டில் செய்த இதய வால்வை 1990-ல் முதன்முதலாகப் பொருத்திய இடம் அது.

ஊசி இல்லை, வலி இல்லை. நெஞ்சின் மேல் ஒரு சிறு கருவியை வைத்தார்கள். டாக்டர் திரையைப் பார்த்தார். "பேட்டரி தீரப்போகிறது. மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும்" என்றார்.

டாக்டருக்கு எப்படித் தெரிந்தது? உள்ளே இருக்கும் கருவியே கம்பி இல்லாமல் சொன்னது. "அப்படியானால் இரண்டு வருடமாக அது ஏன் வாய் திறக்கவில்லை?" என்று மாமா கேட்டார். நல்ல கேள்விதான்.

பேசினால் பேட்டரி செலவாகும். டார்ச் லைட்டை விடிய விடிய எரியவிட்டால் என்ன ஆகும்? வேண்டும்போது மட்டும் அடித்தால் பல மாதம் வரும். டார்ச்சுக்குப் புதுக் கட்டை கடையில் வாங்கலாம். நெஞ்சில் உள்ளதை மாற்றத் தோலைக் கீற வேண்டும். அதனால் இந்தக் கருவி, வெளியில் இருந்து கேட்டால்தான் பதில் சொல்லும். சில புதிய கருவிகள் இரவில் கட்டிலருகே உள்ள பெட்டிக்குத் தாமே சேதி அனுப்பும். அதுவும் சுருக்கமாகத்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். கலங்கிய குளத்துக்குள் டார்ச் வெளிச்சம் மங்குவது போல, ரேடியோ அலை உடம்புக்குள் மங்கிவிடும்.

1958-ல் சுவீடன் நாட்டில் ஆர்ன் லார்சன் என்பவருக்கு முதல் பேஸ்மேக்கரை உடம்புக்குள் வைத்தார்கள். சில மணி நேரத்தில் அது நின்றுவிட்டது! பிறகு 20-க்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி, 2001 வரை அவர் வாழ்ந்தார். இப்போது ஒரு கருவி பத்து ஆண்டு அளவில் ஓடுகிறது.

2 கிராம்கூட இல்லாத மாத்திரை போன்ற பேஸ்மேக்கரும் வந்துவிட்டது. முடியின் தடிமனைவிடச் சிறிய கருவிகளைச் செய்யவும் ஆராய்ச்சி நடக்கிறது. அதில் பேட்டரிக்கு ஏது இடம்? அமெரிக்காவில் 2016-ல் எலியின் உடம்பில் 3 மில்லிமீட்டர் கருவியை வைத்துப் பார்த்தார்கள். அதில் பேட்டரியே இல்லை. காதுக்குக் கேட்காத ஒலி அலையை வெளியில் இருந்து அனுப்பினார்கள். அந்த ஒலியிலேயே கருவி சக்தி பெற்று, அதிலேயே சேதியும் சொன்னது. தண்ணீருக்குள் ஒலி நன்றாகப் போகும் அல்லவா?

மாமாவுக்குக் கருவி மாற்றியாகிவிட்டது. செல்போன் அதிலிருந்து அரை அடியாவது தள்ளி இருக்க வேண்டுமாம். அதனால் சட்டைப் பையில் வைப்பதில்லை. அடுத்த பரிசோதனை நாளை மாமி தன் கையாலேயே காலண்டரில் எழுதி வைத்திருக்கிறார்.