சிங்கப்பூர் காரின் வால் எழுத்து

ஜொகூர் பாருவில் வார இறுதியில் சாலையோரம் பத்து நிமிடம் நின்றால் போதும், இரண்டு வகை நம்பர் பிளேட்டுகளைப் பார்த்துவிடலாம். நம்மூர் வண்டிகளின் எண் 'ஜே' என்ற எழுத்தில் தொடங்கும். இன்னும் ஓரிரு எழுத்துகள், பிறகு இலக்கங்கள், அவ்வளவுதான். கடற்பாலத்தைக் கடந்து வரும் சிங்கப்பூர் வண்டிகளிலோ, இலக்கங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் எழுத்து வால் போல ஒட்டிக்கொண்டிருக்கும்.

வண்டி எந்த ஆண்டில் பதிவானது என்பதைக் காட்டும் எழுத்து அது என்று சின்ன வயதில் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அந்த எழுத்தை அதிகாரியும் தேர்ந்தெடுப்பதில்லை, வண்டிக்காரரும் தேர்ந்தெடுக்க முடியாது. முன்னால் இருக்கும் எழுத்துகளும் இலக்கங்களும் சேர்ந்து அதைத் தீர்மானித்துவிடுகின்றன. அதற்குத் தேவையான கணிதம், படிவம் 1 பாடநூலின் 'காரணிகளும் மடங்குகளும்' பாடத்தில் நீங்கள் படித்ததுதான். இங்கே வேலை செய்வது 19-இன் மடங்குகள்.

ஓர் எண்ணை 1, 2, 3, 4 என்று வரிசையாகப் பெருக்கினால் கிடைப்பவை அதன் மடங்குகள். 5, 10 ஆகியவற்றின் மடங்குகளைக் கண் மூடிச் சொல்லலாம். 19 என்றதும் பலருக்கும் வாய் அடைத்துவிடும், ஏனென்றால் நாம் 12-ஆம் வாய்ப்பாட்டோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் 19 என்பது 20-க்கு ஒன்று குறைவு. ஆகவே 7 பத்தொன்பது என்பது 7 இருபதில் 7 குறைவு: 140 − 7 = 133. இந்தத் தந்திரம் தெரிந்தால் 19-ஆம் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யவே வேண்டாம். 19, 38, 57, 76, 95, 114, 133, 152 என்று எழுதிப் பாருங்கள். கடைசி இலக்கம் ஒவ்வொன்றாக இறங்குகிறது, அதற்கு முன்னால் இருப்பது இரண்டிரண்டாக ஏறுகிறது.

இனி நம்பர் பிளேட்டுக்கு வருவோம். சிங்கப்பூர்ப் பேருந்துகள் சிலவற்றின் எண்கள் எஸ்.பி.எஸ் என்று தொடங்கும். உதாரணத்துக்கு எஸ்.பி.எஸ் 1234 என்று வைத்துக்கொள்வோம். மூன்று எழுத்துகள் இருந்தால் முதல் எழுத்தை விட்டுவிட வேண்டும். மீதி இரண்டையும் ஆங்கில எழுத்து வரிசையில் அவற்றின் இடத்தைக் கொண்டு எண்ணாக்க வேண்டும். இங்கே பி என்பது 2-ஆவது எழுத்து, எஸ் 19-ஆவது. ஆக நம்மிடம் இருப்பவை 2, 19, 1, 2, 3, 4 என்ற ஆறு எண்கள். (இலக்கங்கள் நான்குக்குக் குறைவாக இருந்தால் முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும்.) இவற்றை முறையே 9, 4, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுகிறோம்:

18 + 76 + 5 + 8 + 9 + 8 = 124

124-ஐத் தாண்டாத, அதற்கு மிக நெருங்கிய 19-இன் மடங்கு எது? 6 இருபது 120, அதில் 6 போனால் 114. அடுத்த மடங்கான 133 தாண்டிவிடுகிறது. ஆகவே 114-தான். 124-இலிருந்து அதைக் கழித்தால் மீதி 10.

இந்த மீதியை எழுத்தாக மாற்ற வேண்டும். மீதி 0 என்றால் 'ஏ'. மற்றவற்றுக்கு எழுத்து வரிசையில் பின்னாலிருந்து வர வேண்டும்: 1 என்றால் 'இசட்', 2 என்றால் 'ஒய்', 3 என்றால் 'எக்ஸ்'. வழியில் டபிள்யூ, வி, கியூ, ஓ, என், ஐ, எஃப் ஆகிய ஏழு எழுத்துகளைக் கணக்கில் எடுக்காமல் தாண்டிவிட வேண்டும். 26 எழுத்துகளில் 7 போனால் மிஞ்சுவது 19. ஓர் எண்ணை 19-ஆல் வகுத்தால் வரக்கூடிய மீதிகளும் 0 முதல் 18 வரை 19-தான். ஒவ்வொரு மீதிக்கும் ஓர் எழுத்து, கச்சிதமான பங்கீடு. அப்படிப் பின்னாலிருந்து எண்ணி வந்தால் 10-ஆவதாக நிற்பது 'எல்'. ஆகவே அந்த வண்டியின் முழு எண் எஸ்.பி.எஸ் 1234 எல்.

இவ்வளவு சுற்று எதற்கு? ஸ்கூடாயில் இருக்கும் என் அத்தை ஒருமுறை மகனின் கைபேசிக்கு 30 வெள்ளி டாப்-அப் போட்டார். எண்ணைத் தட்டும்போது பக்கத்துப் பக்கத்தில் இருந்த 6-உம் 8-உம் இடம் மாறிவிட்டன. பணம் முன்பின் தெரியாத யாருக்கோ போய்ச் சேர்ந்தது. கைபேசி எண்ணில் பிழையைக் காட்டிக்கொடுக்கும் இலக்கம் எதுவும் கிடையாது. தவறாகத் தட்டிய எண்ணும் இன்னொருவரின் சரியான எண்ணாகவே இருந்துவிடுகிறது. வண்டி எண்ணில் இப்படி நடந்தால் ஒருவர் செய்த குற்றத்துக்கு இன்னொருவர் வீட்டுக்குச் சம்மன் போகும்.

வால் எழுத்து அதைத் தடுக்கிறது. 1234-ஐ யாரோ 1243 என்று எழுதிவிட்டதாகக் கொள்வோம். கூட்டுத்தொகை 125, மீதி 11, வர வேண்டிய எழுத்து 'கே'. பிளேட்டில் இருப்பதோ 'எல்'. எங்கோ பிழை என்று கணினி உடனே சொல்லிவிடும்.

எல்லாப் பிழைகளும் இப்படிச் சிக்குமா? ஓர் இலக்கம் மட்டும் தவறினால் அது சரியான இலக்கத்திலிருந்து 1 முதல் 9 வரை விலகியிருக்கும். அந்த விலகல் 5, 4, 3, 2 என்பவற்றில் ஒன்றால் பெருக்கப்படுகிறது. ஆகவே கூட்டுத்தொகை அதிகபட்சம் 45 மாறலாம். மீதி மாறாமல் பிழை தப்பிக்க வேண்டுமானால் அந்த மாற்றம் 19-இன் மடங்காக, அதாவது 19 ஆகவோ 38 ஆகவோ இருக்க வேண்டும். 19 பகா எண். 9-ஐத் தாண்டாத ஓர் எண்ணை 5-ஐத் தாண்டாத ஓர் எண்ணால் பெருக்கி 19-ஐயும் பெற முடியாது, 38-ஐயும் பெற முடியாது. ஆகவே ஒற்றை இலக்கப் பிழை ஒன்றுகூடத் தப்பாது. பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை அவற்றின் வித்தியாசம் அளவுக்கே மாறும், அதுவும் 9-ஐத் தாண்டாது.

19-க்குப் பதிலாக 12-ஐ வைத்திருந்தால்? 4-ஆல் பெருக்கும் இடத்தில் 2 என்பது 5 ஆகிவிட்டால் கூட்டுத்தொகை 12 கூடும். மீதி அப்படியே இருக்கும், பிழை கண்ணில் படாமல் போய்விடும். 12-க்குக் காரணிகள் அதிகம். வலையில் ஓட்டைகள் என்று நான் சொல்வது அந்தக் காரணிகளைத்தான்.

19-இன் வலையிலும் ஓர் ஓட்டை உண்டு. எழுத்துகள் 1 முதல் 26 வரை போவதால் இரண்டு எழுத்துகளுக்கு இடையே சரியாக 19 வித்தியாசம் வரலாம். முதல் எழுத்தான 'ஏ'க்குப் பதில் 20-ஆவது எழுத்தான 'டி'யை எழுதினால் கூட்டுத்தொகை 19-இன் மடங்கு அளவுக்கே மாறும், வால் எழுத்து மாறாது. ஆனால் இந்த இரண்டு எழுத்துகளையும் பார்த்துக் குழம்புகிறவர் அநேகமாக இருக்க மாட்டார்.

இதே வேலை உங்கள் வீட்டு அடுக்களையிலும் நடக்கிறது. ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துக் கறுப்புக் கோடுகளுக்குக் கீழே இருக்கும் 13 இலக்கங்களைப் பாருங்கள். மலேசியாவில் பதிவான எண் என்றால் 955 என்று தொடங்கும், சிங்கப்பூர் என்றால் 888, இந்தியா என்றால் 890. இந்தப் பார்கோடில் காவல் காப்பது 10. இடமிருந்து 1, 3, 5 என்ற ஒற்றைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களை அப்படியே கூட்ட வேண்டும். இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றை 3-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். மொத்தம் 10-இன் மடங்காக இருந்தால் எண் சரி. நானே கற்பனையாக அமைத்த ஓர் எண்: 955100123456. கூட்டிப் பார்த்தால் 23 + 54 = 77. அடுத்த 10-இன் மடங்கு 80, அதற்கு 3 குறைகிறது. ஆகவே 13-ஆவது இலக்கம் 3.

10 பகா எண் அல்ல என்பதற்கான விலையை இங்கே கொடுக்க வேண்டியிருக்கிறது. 1-உம் 6-உம் பக்கத்தில் இருந்து இடம் மாறினால் 1 + 18 = 19 என்பது 6 + 3 = 9 ஆகிறது. வித்தியாசம் சரியாக 10, பிழை தப்பிவிடுகிறது. 0-உம் 5-உம், 2-உம் 7-உம் இதே ரகம். பிறகு ஏன் 10? கடைசி இடத்தில் எழுத்து வராமல் ஓர் இலக்கம் மட்டும் வர வேண்டும் என்றால் வேறு வழி இல்லை. 2006 வரை புத்தகங்களுக்கு இருந்த 10 இலக்க ஐ.எஸ்.பி.என் எண் 11-இன் மடங்கை நம்பியது. கடைசி இடத்துக்கு 10 தேவைப்பட்டால் ரோமன் எண்ணான 'எக்ஸ்' போட்டார்கள். அப்பா வைத்திருக்கும் பழைய புத்தகங்களில் தேடிப் பாருங்கள். 2007 முதல் அது 13 இலக்கமாகிப் பார்கோடு கணக்குக்கே வந்துவிட்டது. என்னைக் கேட்டால் பழையதுதான் கூர்மையான காவலாளி.

உங்கள் மைகார்டிலும் ஒரு மடங்கு ஒளிந்திருக்கிறது. பிறந்த தேதிக்கு அடுத்த இரண்டு இலக்கங்கள் பிறந்த மாநிலத்தைக் காட்டும், ஜொகூருக்கு 01 (21 முதல் 24 வரையும் உண்டு). கடைசி இலக்கம் 2-இன் மடங்காக இருந்தால் பெண், இல்லையென்றால் ஆண்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. மழையில் வந்த ஒரு பேருந்தின் பிளேட்டில் சேறு படிந்து ஓர் இலக்கம் மறைந்துவிட்டது: எஸ்.பி.எஸ் 7?05 கே. மறைந்த இலக்கம் எது? தெரிந்தவற்றை முதலில் பெருக்கிக் கூட்டுங்கள், 139 வரும். அது 19-இன் மடங்கான 133-ஐ விட 6 அதிகம். 'கே'க்கு உரிய மீதி 11. இன்னும் 5 வேண்டும். ஆகவே 0, 4, 8, 12 என்று 36 வரை 4-இன் மடங்குகளை எழுதிக்கொண்டு, அவற்றில் 19-ஆல் வகுத்தால் 5 மீதி வருவது எது என்று தேடுங்கள். ஒன்றுதான் கிடைக்கும்.