வசந்தம் வராத ஊரில் தொட்டித் தோட்டம்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் குளிர் நாடுகளில் மொட்டைமாடித் தொட்டிகளில் விதை போடத் தொடங்கிவிடுவார்கள். பனி விலகி மண் சூடேறும் வசந்த காலம்தான் அவர்களுக்கு விதைப்புக் காலம். சிங்கப்பூரிலோ ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரப் பகல். வெப்பமும் பெரிதாக மாறுவதில்லை. அப்படியானால் எப்போது விதைத்தாலும் விளையுமா? வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்துத் தக்காளி வைத்தவர்கள் பலர், பூவும் காயும் காணாமல் தொட்டியைக் குப்பையில் போட்டதுதான் மிச்சம். அதற்கு ஒரு முக்கியக் காரணம் வெளிச்சம்.

திசைதான் பருவம்

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. மார்ச் பிற்பகுதியிலும் செப்டம்பர் பிற்பகுதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாயும். பிறகு தெற்கே போய்விடும். ஆகவே, வடக்கு நோக்கிய நடைவழிக்கு ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வெயில் எட்டிப் பார்க்கும். தெற்கு நோக்கிய வீட்டுக்கு அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. கிழக்கு அல்லது மேற்கு நோக்கிய வீடுகளுக்கு ஆண்டு முழுவதும் அரை நாள் வெயில் உண்டு. எதிரில் இன்னோர் அடுக்குமாடி எழும்பி நின்றால் இந்தக் கணக்கு மாறிவிடும்.

விதை வாங்குவதற்கு முன்பு ஒரு நாள் முழுவதும் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. நாலு மணி நேரம் இருந்தால் கீரை, கங்கோங், சாய் சிம் வரும். மிளகாய், கத்தரி, வெண்டை, மல்லிகை ஆகியவற்றுக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். அதற்கும் குறைவான இடத்தில் பாண்டான், வல்லாரை போன்றவற்றை வைக்கலாம்.

பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே வெயில் அதிகம், சிமெண்டுத் தரையும் கொதிக்கும். மெல்லிய கீரைகளுக்கு மேலே நிழல் வலை வேண்டும். தொட்டிகளைத் தரையில் வைக்காமல் கட்டைமீது தூக்கி வைத்தால் வேர் வேகாது.

தொட்டியும் மண்ணும்

கீரைக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் போதும். மிளகாய், கத்தரிக்கு 30 சென்டிமீட்டர் தேவை. தோட்ட மண்ணை மட்டும் நிரப்பினால் மழையில் இறுகிக் கல்லாகிவிடும். மண், மக்கிய உரம், தேங்காய் நார்த்தூள் மூன்றையும் கலந்தால் ஈரமும் நிற்கும், காற்றும் புகும். தண்ணீர் வடியட்டும் என்று அடியில் சரளைக்கல் போடும் வழக்கத்தால் பயன் இல்லை. சரளைக்கு மேலே உள்ள மண்ணில்தான் நீர் தேங்கி நிற்கும். அடியில் நல்ல துளைகள் இருந்தாலே போதும்.

தரைவீட்டு மொட்டைமாடியில் தோட்டம் போடுவோர் எடையையும் எண்ண வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. 20 லிட்டர் தொட்டியில் ஈரமண் நிறைந்தால் 20 கிலோவுக்கு மேல் போகும். நிறையத் தொட்டிகள் வைப்பதானால் கட்டடப் பொறியாளரைக் கேட்டுவிடுவதே பாதுகாப்பு.

தட்டில் இருக்கும் ஆபத்து

தொட்டித் தோட்டத்தில் செடியைவிட முக்கியமானது தொட்டியின் அடித்தட்டு. 2020ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 35,000க்கு மேற்பட்டோர் டெங்கிக் காய்ச்சலுக்கு ஆளானார்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தட்டில் தேங்கும் சிறிதளவு தண்ணீரே அதற்குத் தாராளம். காய்ந்த தட்டில் ஒட்டிய முட்டையும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எனவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டே இல்லாமல் வைப்பது இன்னும் மேல். மேல்மண் இறுகினால் அதன்மீதும் நீர் தேங்கும் என்பதால் அடிக்கடி கொத்திவிட வேண்டும்.

நடைவழி எல்லாருக்கும் பொது. தீப்பிடித்தால் புகையில் தடவிக்கொண்டு ஓடும் வழியும் அதுதான். குடிமைத் தற்காப்புப் படையின் விதிப்படி 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின்மேல் வைத்த ஒரு தொட்டி காற்றில் விழுந்தால், கீழே நடப்பவரின் உயிர் போகும். செடி அழகாக இருக்கிறது என்பதற்காக அண்டை வீட்டாரின் சக்கர நாற்காலி முட்டி நிற்கக் கூடாது.

இடம் இல்லாதவர்களுக்கு

வீட்டில் வெயிலே விழாதவர்கள் மனம் தளர வேண்டாம். தேசியப் பூங்காக் கழகம் 2005ல் தொடங்கிய ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தின்கீழ் பல பேட்டைகளில் சமூகத் தோட்டங்கள் உருவாயின. தனித் தோட்டப் பாத்திகளும் பூங்காக்களில் வாடகைக்கு விடப்படுகின்றன. ஒரு பாத்தி ஏறக்குறைய 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெரியவர்களுக்கு, காலையில் எழுந்து போக அது ஓர் இடம்.

புதிதாகத் தொடங்குவோர் மூன்று தொட்டிகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒன்றில் கங்கோங், ஒன்றில் வெந்தயக்கீரை, ஒன்றில் செண்டுப்பூ. சந்தையில் வாங்கிய கங்கோங்கின் தண்டைத் தண்ணீரில் நிறுத்தினாலே சில நாளில் வேர் விடும். நட்ட ஒரு மாதத்தில் சமையலுக்குக் கிள்ளலாம். அந்த மூன்றும் பிழைத்தால் மிளகாய்க்குப் போகலாம். கறிவேப்பிலைக்கு மட்டும் பொறுமை வேண்டும். மெதுவாக வளரும். முதல் ஆண்டு அதை அடிக்கடி கிள்ளாமல் விட்டால், பிறகு பல ஆண்டுகள் தாளிக்கக் கொடுக்கும்.