சாறு பிழிந்த நரம்பு

நரம்பு என்பது மின்சாரக் கம்பி போன்றதுதானே, அது தளர்ந்துபோனால் லேகியம் உண்டு முறுக்கேற்றிக்கொள்ளலாகாதா என்று அன்பர் ஒருவர் கடிதத்தில் வினவியிருக்கிறார். நரம்பணுவின் உடலும், கிளைகளும், ஆக்ஸான் என்னும் நீண்ட வாலும் பள்ளிப் புத்தகத்துப் படத்தில் எல்லோரும் கண்டவையே. ஆதலால் அவற்றை விடுத்து, என் மனத்தை நெடுங்காலமாகக் கவர்ந்துவரும் ஒரு கடற்பிராணியின் வாயிலாக அவருக்கு விடை கூறுகிறேன்.

நம் மீன் சந்தைகளில் குவிந்து கிடக்கும் ஊசிக்கணவாயின் இனத்தவை, பகையைக் கண்டதும் உடலைச் சுருக்கி நீரைப் பீச்சியடித்துத் தப்பி ஓடும். அந்த அவசர ஆக்ஞையைச் சுமக்கும் ஆக்ஸான், நம்முடைய நரம்பிழைகளுள் பருத்தவையே ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவினவாக இருக்க, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பருமன்கூட எய்துவது. 1936-இல் ஜே. இசட். யங் அதன் அருமையை விஞ்ஞான உலகுக்கு எடுத்துரைத்தார். 1939-இல் இங்கிலாந்தின் பிளிமத் ஆய்வுக்கூடத்தில் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அதனுள் நுண்ணிய மின்வாயைச் செலுத்தி, ஓய்வில் எதிர்மின் நிலையிலுள்ள உட்புறம் செய்தி கடக்கும் கணத்தில் நேர்மின் நிலைக்கே மாறிவிடுவதைக் கண்டனர். வெளியே மிகுந்துள்ள சோடியம் சவ்வின் வழியே உள்ளே பாய்வதும், அதன்பின் உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளிப்படுவதுமே அந்தச் செய்தி என்பது அவர்களுடைய பிற்கால ஆராய்ச்சியால் துலங்கியது. கம்பியில் செல்லும் மின்சாரம் தூரத்துக்கேற்பக் குன்றும். இதுவோ செல்லும் வழியெல்லாம் புதிதாகப் பிறந்துகொண்டே போவதால் குன்றுவதில்லை.

இதனினும் விந்தையானது 1961-இல் பேக்கர், ஹாட்ஜ்கின், ஷா ஆகியோர் செய்த பரிசோதனை. என் பாட்டி முருங்கைக்காயின் சதையை வழித்தெடுத்துத் தோலை மட்டும் இலையோரம் ஒதுக்குவாளே, அவ்வாறே அவர்கள் ரப்பர் உருளையால் ஆக்ஸானின் உட்பொருளில் பெரும்பகுதியைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு, வெறும் பொட்டாசிய உப்புக் கரைசலை அதனுள் நிரப்பினார்கள். அந்தக் கூடும் முன்போலவே செய்தியைச் சுமந்தது! சாறெல்லாம் போன பின்னும், சவ்வும் அதன் இருபுறத்து உப்புகளின் ஏற்றத்தாழ்வும் எஞ்சியிருந்தால் அதற்குப் போதும்.

எனவே, 'நரம்புத் தளர்ச்சி' என்று சுவர்தோறும் விளம்பரம் எழுதுவோர் எதற்கு முறுக்கேற்றப் போகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. மெய்யாகவே நரம்பைக் கெடுக்கும் நீரிழிவையோ நாம் அசட்டை செய்கிறோம். முதுகந்தண்டிலிருந்து கால் விரல்வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளும் இழைகளுக்கு வேண்டிய பொருள்கள் பலவும் அணுவின் உடலிலிருந்தே அவ்வளவு தூரம் சென்றாக வேண்டியிருப்பதால், அவற்றின் நுனிகளே பெரும்பாலும் முதலில் நலிகின்றன. பாதம் மரத்துப்போயிருக்கிறது என்று அன்பர் கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். லேகியக் கடைக்குப் போகுமுன் ஒரு வைத்தியரிடம் சென்று இரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளும்படி அவரை வேண்டுகிறேன்.