க்யூபிட் சொல்வது கேட்கிறதா?

நார்த்தாமலை பங்குனித் தேர்க் கூட்டத்தில் மேளம் முழங்கும்போது, பக்கத்தில் நிற்பவர் காதோடு சொல்வதுகூடப் பாதிதான் விழும். இருபது ஆண்டுகளுக்கு முன்பு குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான மீக்கடத்தி க்யூபிட்டை அளந்தவர்கள் பட்ட பாடும் அதுதான்.

க்யூபிட் 0-இல் இருக்கிறதா, 1-இல் இருக்கிறதா என்று நேராகத் தொட்டுப் பார்த்தால், அது ஆற்றலை இழந்து நிலை மாறிவிடும். ஆகவே பக்கத்தில் ஓர் ஒத்ததிர்வுச் சுற்றை வைத்து, மிக மெல்லிய நுண்ணலையை அதற்குள் அனுப்புகிறார்கள். க்யூபிட்டின் நிலைக்கேற்ப அந்தச் சுற்றின் அதிர்வெண் இம்மியளவு நகரும். வெளிவரும் அலை அதைக் காட்டிக்கொடுக்கும். 2004-இல் யேல் பல்கலைக்கழகத்தில் வேர்விட்ட முறை இது. ஆனால் வெளிவருவது சில ஃபோட்டான்களே. அன்றைய குறைகடத்திப் பெருக்கியோ, 4 கெல்வின் குளிரில் இருந்தும், தன் பங்குக்குப் பத்து இருபது ஃபோட்டான் அளவு இரைச்சலைச் சேர்த்தது. அதனால் ஒரே சோதனையை ஆயிரக்கணக்கான தடவை நடத்திச் சராசரி எடுத்தார்கள். இந்த ஒரு தடவை என்ன ஆனது என்பது மட்டும் தெரியவில்லை. பிழை திருத்தும் கணினிக்கு வேண்டியதோ அந்த ஒரு தடவைதான்.

க்யூபிட்டை உருவாக்கும் அதே ஜோசப்சன் சந்தியால் (இரு மீக்கடத்திகளுக்கு நடுவே மெல்லிய மின்காப்பு அடுக்கு) செய்த பெருக்கிதான் நிலைமையை மாற்றியது. இயற்கை விதிக்கும் குறைந்தபட்ச இரைச்சலை ஒட்டியே அது வேலை செய்யும். 2011-இல் பெர்க்லியில் ஆர். விஜயராகவன், ஸ்லிக்டர், இர்ஃபான் சித்திக்கி மூவரும் அதைக்கொண்டு, க்யூபிட் நிலைவிட்டு நிலை தாவுவதை அது தாவும்போதே கண்டார்கள். பிறகு விஜயராகவன் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தார். 2015-இல் அவர் குழு, 640 மெகாஹெர்ட்ஸ் அகல அதிர்வெண் பட்டையில் அலையின் திறனை நூறு மடங்கு பெருக்கும் கருவியைக் காட்டியது. பட்டை அகன்றால் ஒரே கம்பியில் பல க்யூபிட்டுகளைச் சேர்த்து வாசிக்கலாம். க்யூபிட் எண்ணிக்கையைச் சொல்லும் செய்திகளைவிட எனக்கு இதுதான் பெரிது.

2017-இல் சூரிச்சில் க்யூபிட்டை 88 நானோநொடியில் வாசிப்பதில் 99.2 சதவீதத் துல்லியம் கிடைத்தது. 2024-இல் டிஆர்டிஓவின் புனே ஆய்வகமும் டாட்டா ஆராய்ச்சி நிறுவனமும் டிசிஎஸ்ஸும் சேர்ந்து 6 க்யூபிட் செயலியைச் சோதித்து முடித்தன.

ஆனாலும் பல குவாண்டம் கணினிகளில், கணக்குப் போடும்போது நேரும் பிழையைவிட விடையை வாசிக்கும்போது நேரும் பிழையே இன்றும் அதிகம். நுண்ணலையின் வலிமையைக் கூட்டினால் விடை விரைவில் தெரியும். அளவு மீறினால் க்யூபிட் 0, 1 இரண்டையும் விட்டு மேல்நிலைகளுக்கு ஓடிவிடும். அதை அடக்கும் வழிகளைத் தேடி ஆய்வு மும்முரமாக நடக்கிறது. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளில் யாருக்காவது இதில் நாட்டம் இருந்தால், குவாண்டம் கணிதத்தோடு நுண்ணலைச் சுற்றுகளையும் இப்போதே கற்கத் தொடங்கலாம்.