பேரப்பிள்ளையின் தேர்வும் பெரியவர்களின் பங்கும்

மாசி, பங்குனி மாதங்களில் தமிழகத்துத் திருக்கோயில்களின் அர்ச்சனைத் தட்டுகளில் தேங்காய், பழம், வெற்றிலையோடு மற்றொன்றும் இடம்பெறுவதுண்டு. அது பிளஸ் டூ மாணவரின் ஹால் டிக்கெட். கூத்தனூர் சரஸ்வதி சந்நிதியிலும் திருவஹீந்திரபுரம் ஹயக்ரீவர் சந்நிதியிலும் பேனாவையும் நோட்டையும் வைத்து வணங்கிச் செல்லும் குடும்பங்கள் பல. கல்விக்குரிய தெய்வத்தை வணங்கித் தேர்வுக்குச் செல்வது நம் மரபு. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலும் அதே வழக்கம்தான். ஆனால் இங்கே பல வீடுகளில் பிள்ளையைச் சந்நிதிக்கு அழைத்து வருபவர்கள் பெற்றோர் அல்லர், தாத்தாவும் பாட்டியும்.

காரணம் மலைமேல் இருக்கிறது. ஊருக்கு மேற்கே முந்தலில் தொடங்கி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதைக் கடந்தால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம்; ஏலமலை. போடி, தேவாரம், கோம்பை, கம்பம் எனப் பல ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறித் தோட்ட வேலைக்குச் செல்வோர் பலர். எஸ்டேட் குடியிருப்பிலேயே தங்கிவிடுவோரும் உண்டு. விளைந்த ஏலக்காய் மலையிறங்கிப் போடிக்கு வருகிறது; இங்கே தரம் பிரிக்கப்படுகிறது, நறுமணப் பொருள் வாரியத்தின் மையத்தில் ஏலம் விடப்படுகிறது. வருமானம் மலையில், பள்ளிக்கூடம் அடிவாரத்தில். ஆகவே தாயும் தந்தையும் மேலே உழைக்க, பிள்ளை கீழே பெரியவர்களின் நிழலில் வளர்கிறது.

மற்ற ஊர்களில் பெற்றோர் செய்யும் வேலைகள் யாவும் இங்கே முதியோரின் தோளில் இறங்குகின்றன. அவர்கள் படித்த காலமோ வேறு. பதினொன்றாம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி., அதன்பின் ஓராண்டு பி.யு.சி. என்றிருந்த முறை 1978-இல் பிளஸ் டூவாக மாறியது. 1984-இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது நீங்கியது. 2017 முதல் மருத்துவத்துக்கு நீட் தேர்வு நிலைபெற்றது. இத்தனை மாற்றங்களுக்கு நடுவே, “எங்களுக்கு என்ன தெரியும்? முருகன் பார்த்துக்கொள்வான்” என்று பெரியவர்கள் ஒதுங்கிவிடுவது இயல்பு.

அப்படி ஒதுங்க வேண்டியதில்லை. இயற்பியலும் வேதியியலும் சொல்லித்தர அவர்களால் இயலாமல் போகலாம். ஆயினும் கல்லூரி வாசலைத் திறக்கும் இரண்டு காரியங்கள் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. ஒன்று, காகிதங்களின் ஒழுங்கு. மற்றொன்று, வீட்டின் அமைதி.

ஆறாம் வகுப்பில் தொடங்கும் விண்ணப்பம்

கல்லூரிக்கான விண்ணப்பம் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் தொடங்குவதாகவே பலரும் எண்ணுகிறார்கள். மலையோரக் குடும்பங்களுக்கு அது பதினோரு வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

தமிழக அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. இவ்வழியில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. உயர்கல்வி பயிலும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கின. இவற்றுக்கும் ஆறாம் வகுப்பு முதலான பள்ளிப் படிப்பே அளவுகோல்.

இடுக்கி மாவட்டத்திலும் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. பிள்ளை சிறிது காலம் தங்களுடனேயே இருக்கட்டும் என்று எஸ்டேட் பெற்றோர் ஏழாம் வகுப்பு வரை அங்கே படிக்கவைத்துப் பிறகு போடிக்கு அனுப்பினால், அந்தப் பாசத்துக்கு யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தமிழகத்தின் 7.5 விழுக்காட்டு வாசல் அந்தப் பிள்ளைக்கு மூடிவிடும். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழகத்தில் படித்திருந்தால் பொறியியல் கலந்தாய்வுக்கு இருப்பிடச் சான்றிதழ் தேவையில்லை. இடையில் ஓராண்டு வெளிமாநிலத்தில் கழிந்திருந்தாலும் அது தேவைப்படும். “ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளையை எங்களிடம் விட்டுவிடுங்கள்” என்று பெரியவர்கள் உரிய காலத்தில் சொல்லும் ஒரு சொல், ஏழு ஆண்டுகளுக்குப் பின் ஒரு கல்லூரி இடமாகக் கனியக்கூடும்.

பெட்டியில் இருக்க வேண்டியவை

பத்திரங்களைப் பட்டுத் துணியில் சுற்றிப் பாதுகாப்பது நம் முன்னோர் வழக்கம். அதே கவனம் பிள்ளையின் சான்றுகளுக்கும் வேண்டும். பிறப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகிய அனைத்தும் ஒரே பெட்டியில் இருக்கட்டும். மாற்றுச் சான்றிதழைப் பள்ளியில் கொடுக்குமுன் சில பிரதிகள் எடுத்துவைப்பது நலம்.

இவற்றில் பெரிதும் சிக்கல் தருவது பெயர். ஒரு தாளில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே, மற்றொன்றில் பின்னே. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடுதல், ஓர் எழுத்து குறைவு. நீட் போன்ற அகில இந்தியத் தேர்வுகளின் விண்ணப்பத்தில் இத்தகைய வேறுபாடு வீண் அலைச்சலைத் தரும். பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே எல்லாத் தாள்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், திருத்துவதற்குப் போதிய காலம் இருக்கும்.

பெரியவர்கள் தனியே அறிய வேண்டியது முதல் பட்டதாரிச் சான்றிதழ். குடும்பத்தில் இதற்குமுன் எவரும் பட்டம் பெறவில்லையென்றால், தொழிற்கல்வியில் சேரும் முதல் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். அந்த விண்ணப்பம் தந்தை, தாய், உடன்பிறந்தோர் ஆகியோரின் படிப்போடு தாத்தா, பாட்டியின் படிப்பையும் கேட்கிறது. “பள்ளிக்கூடம் போகக் கொடுத்துவைக்கவில்லையே” என்று வாழ்நாளெல்லாம் வருந்திய பாட்டியின் அந்தக் குறையே, அரசுத் தாளில் பேரனுக்கு உதவியாக நிற்கிறது. இ-சேவை மையத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம். வருவாய்த் துறையின் விசாரணைக்குச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், தேர்வு முடிவுக்குக் காத்திராமல் முன்னதாகவே தொடங்குவது நன்று.

காய் எடுப்பும் கலந்தாய்வும்

பிளஸ் டூ முடிவுகள் பெரும்பாலும் மே மாதத்தில் வெளியாகின்றன. பொறியியல் சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே நடைபெறுகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிடுவதையே கட்-ஆஃப் என்கிறார்கள். 2018 முதல் கலந்தாய்வு இணையவழியில் நடக்கிறது. மாணவர் தாம் விரும்பும் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசைப்படுத்திப் பதிவு செய்ய வேண்டும். அதற்குச் சில நாள்களே அவகாசம். ஒதுக்கீடு வந்தபின் அதை ஏற்று உறுதி செய்யவும் ஓரிரு நாள்களே உண்டு. உறுதி செய்யத் தவறினால் வந்த இடம் கைநழுவிப் போகும்.

இந்தக் கலந்தாய்வு ஆடி, ஆவணியை ஒட்டி வருகிறது. ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு மும்முரமாகும் காலமும் அதுவே. அப்போது மலையிலிருந்து இறங்குவது பெற்றோருக்கு எளிதன்று. விண்ணப்பத்தில் தந்தையின் கைப்பேசி எண்ணைக் கொடுத்திருந்தால், ஓ.டி.பி. என்னும் ரகசிய எண் அந்தக் கைப்பேசிக்கே போகும். எஸ்டேட்டில் சிக்னல் இல்லையென்றால் அது உரிய நேரத்தில் வந்து சேராது. வீட்டிலேயே இருக்கும் கைப்பேசியின் எண்ணைக் கொடுத்து, அது உயிர்ப்போடு இருக்கும்படி பார்த்துக்கொள்வது பாட்டியாலும் இயலும். கணினி இல்லாதவர்களுக்கு அரசின் கலந்தாய்வு சேவை மையங்கள் உதவுகின்றன.

எந்தக் கல்லூரி என்ற கேள்விக்கும் தொலைவே விடையாக வேண்டுமென்பதில்லை. போடியிலேயே 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரியும், தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும், பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரியும் உள்ளன. மாநில ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவத்துக்கும் தோட்டக்கலைக்கும் நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். ஏலச்செடிக்கு நிழல் எவ்வளவு வேண்டும், ஈரம் எவ்வளவு வேண்டும் என்று வீட்டில் பேசக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தோட்டக்கலை அந்நியமான பாடம் அன்று. வெளியூரில்தான் இடம் என்றாலும் அஞ்ச வேண்டியதில்லை. அகலப் பாதைப் பணிக்காக 2010-இன் இறுதியில் நின்ற ரயில், 2023 ஜூன் 15 முதல் போடிக்கு மீண்டும் வந்துவிட்டது.

வேண்டுதல் யாருடையது?

இனி, வீட்டின் அமைதி. பங்குனி உத்திரமும், வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவும், பொதுத் தேர்வும், நீட் தேர்வும் அடுத்தடுத்து வரும் மாதங்கள் இவை. ஊரெல்லாம் ஒலிபெருக்கி முழங்கும். வீட்டுக்குள்ளாவது தொலைக்காட்சி ஒலியைக் குறைத்து, பிள்ளை இரவில் ஆறு, ஏழு மணி நேரம் உறங்க வழிசெய்யலாம். பிள்ளையின் பொருட்டுப் பெரியவர்களே கோயிலுக்குச் சென்று பிரசாதம் கொண்டுவந்து கொடுத்தால் போதுமானது.

நீட் தேர்வு பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கும், 1.30 மணிக்கே வாயில் அடைபடும். 180 வினாக்கள், 720 மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு, தவறான விடைக்கு ஒன்று குறையும். வினாத்தாளைத் தமிழிலும் பெறலாம். நுழையுமுன் கடுமையான சோதனை உண்டு. உலோகம் எதுவும் கூடாது. அன்போடு கட்டிய வெள்ளித் தாயத்தை வாசலில் பலர் முன்னிலையில் கழற்ற நேர்ந்தால், அபசகுனம் என்று பிள்ளையின் மனம் கலங்கிவிடும். அதை முதல் நாளே கழற்றிச் சுவாமி படத்தின் முன் வைத்துவிடலாம். நெற்றியில் இட்ட திருநீற்றை எந்தச் சோதனையும் நீக்குவதில்லை.

இதைவிட முக்கியமானது நேர்த்திக்கடன். “நீ டாக்டரானால் பழனிக்குக் காவடி எடுப்பதாக வேண்டியிருக்கிறேன்” என்று நாள்தோறும் சொல்லும்போது, பெரியவரின் வேண்டுதல் பிள்ளையின் கடனாக மாறிவிடுகிறது. தோற்றால் தெய்வத்துக்கும் பாட்டிக்கும் சேர்த்து வாக்குத் தவறியவனாகிவிடுவோம் என்று அந்த இளம் மனம் அஞ்சும். வேண்டுதல் வேண்டுபவருக்கும் தெய்வத்துக்கும் இடையே மௌனமாக இருக்கட்டும். மதிப்பெண் எதுவாயினும் அதை நிறைவேற்றுவதே பக்தி. கடமையைச் செய்து பலனை இறைவனிடம் ஒப்படைக்கும் நெறியை நாம் கீதையில் பயில்கிறோம். அதை வீட்டில் நடத்திக்காட்டத் தேர்வுக் காலத்தைவிட ஏற்ற சமயம் வேறில்லை.

முடிவு வெளியாகும் நாள்

தேர்வு முடிவுக்கு அஞ்சி உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளைப் பற்றிய செய்திகள் தமிழகத்தை உலுக்கியிருக்கின்றன. மலையில் இருக்கும் பெற்றோருக்குப் பிள்ளையின் முகவாட்டம் தெரியாது; உடன் இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். உணவைத் தவிர்ப்பது, தனித்தே கிடப்பது, தூக்கம் கெடுவது, “நான் இருந்து என்ன பயன்” என்பது போன்ற பேச்சு ஆகியவற்றை உடனே கவனிக்க வேண்டும். 104, 14416 ஆகிய இலவசத் தொலைபேசி எண்களில் எந்நேரமும் ஆலோசனை கிடைக்கும். அழைப்பதில் வெட்கம் ஏதுமில்லை.

தவறிய பாடத்துக்கு அதே ஆண்டில் துணைத் தேர்வு உண்டு. நீட் தேர்வை மறு ஆண்டும் எழுதலாம். வேறு பாதையும் தேரலாம். நட்ட ஏலச்செடி மூன்றாம் ஆண்டில்தான் பலன் தரத் தொடங்குகிறது. அதுவரை பொறுமையோடு களையெடுத்து நீர் விட்டவர்களுக்கு, ஒரு பிள்ளைக்காக ஓராண்டு பொறுப்பது அரிய செயலா?

முடிவு வெளியாகும் அன்று உறவினரும் அண்டை வீட்டாரும் முதலில் கேட்பது “எவ்வளவு மார்க்?” என்பதாகவே இருக்கும். அந்தக் கேள்வியைத் தாத்தா திண்ணையிலேயே நிறுத்திவிடட்டும். உள்ளே பாட்டி இலை போட்டு, “முதலில் சாப்பிடு, பிறகு பேசலாம்” என்று சொல்லட்டும். மலையிலிருந்து தாயும் தந்தையும் பேசும்போது, கைப்பேசியின் இம்முனையில் பிள்ளை தலைநிமிர்ந்து பேச அது போதும்.