கையில் எபாக்சி பசை ஒட்டினால் தின்னர் வேண்டாம்!

கிருஷ்ணகிரி–ஓசூர் சாலையில் உள்ள குந்தாரப்பள்ளி வட்டாரத்தில், தோட்ட வேலையோடு தொழிற்சாலை வேலையும் பார்க்கும் குடும்பங்கள் உண்டு. பம்புசெட் இரும்புக் குழாயில் ஓட்டை, சிமெண்டுத் தொட்டியில் கசிவு என்றால், எம்-சீல், அரால்டைட் போன்ற எபாக்சி பசைகளைக் கொண்டு விவசாயிகள் தாங்களே அடைத்துவிடுகிறார்கள். சிக்கனமான வழிதான். ஆனால் இறுகாத பசையைத் தோலில் படவிடுவது ஆபத்து.

என்ன ஆபத்து?

எபாக்சி பசையில் ரெசின், ஹார்டனர் என இரு பகுதிகள் உண்டு. ஹார்டனரில் உள்ள அமின் பொருள்கள் காரத்தன்மை கொண்டவை, தோலை அரிக்கும். ரெசின் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. பல தடவை பட்டும் ஒன்றும் செய்யாமல் இருந்து, திடீரென ஒருநாள் அரிப்பு, தடிப்பு, கொப்புளம் தோன்றலாம். ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பொதுவாக ஆயுள் முழுவதும் நீடிக்கும். பிறகு சிறிதளவு பட்டாலும் தோல் பொங்கும். எபாக்சி பூச்சு வேலை செய்பவர்கள் பிழைப்பையே மாற்ற நேரிடும். இரு பகுதிகளும் முழுமையாகக் கலந்து இறுகிய பின் இந்த ஆபத்து பெரிதும் குறைந்துவிடும்.

கையைச் சுத்தம் செய்யும் முறை

பசை பட்டவுடன் காய்ந்த துணியால் துடைத்தெடுக்கவும். ஒட்டியிருப்பதைச் சிறிது தேங்காய் எண்ணெய் தடவி இளக்கித் துடைத்து, சோப்பும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவவும். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் கூடவே கூடாது. இவை தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையை நீக்கி, கரைந்த ரெசினைத் தோலுக்குள் இறக்கிவிடும். இறுகிவிட்ட பசையைக் கத்தியால் சுரண்ட வேண்டாம். சில நாட்களில் தானே உதிரும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் சுத்தமான தண்ணீரால் கழுவி, பசைப் பெட்டியோடு உடனே மருத்துவரிடம் செல்லவும்.

கருவிகளும் மீதிப் பசையும்

கரண்டி, உளி ஆகியவற்றைப் பசை இறுகுமுன் காகிதத்தால் துடைத்து, பின்னர் அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்கலாம். இதைக் கையுறையுடன் திறந்த வெளியில் செய்ய வேண்டும்; அருகில் பீடி, அடுப்பு, ஓடும் மோட்டார் இருக்கக் கூடாது. கலந்த பசையை டப்பாவில் குவியலாக விட்டால் தானே சூடேறிப் புகையும். பழைய தகரத்தில் மெல்லியதாகப் பரப்பி, இறுகிய பின் அப்புறப்படுத்தவும். கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது.

ஒட்டிய இடம் பிசுபிசுப்பாகவே இருந்தால் கலவை அளவு தவறியிருக்கலாம். மேலே ஹார்டனர் தடவிப் பயனில்லை. சுரண்டி எடுத்து, துடைத்து, சரியான அளவில் புதிதாகக் கலந்து பூசவும். மார்கழிக் குளிரில் இறுகக் கூடுதல் நேரம் ஆகும்; அவசரப்பட்டு உப்புத்தாள் போட்டால் இறுகாத தூள் தோலிலும் மூச்சிலும் சேரும்.

முதலில் செய்ய வேண்டியது

நைட்ரில் கையுறை அணிந்து, குச்சியால் எடுத்துப் பூசினால் கழுவும் வேலையே இராது. கிழிந்த கையுறையை உடனே மாற்றவும். கையுறைச் செலவு சிறிது. வாழ்நாள் ஒவ்வாமையோ பெரிது.