பனி என்றொரு சொல்

சொல்லின் பொருளை அகராதியிற் காணலாம் என்று நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அது பாதி உண்மையே. மற்றப் பாதி நிலத்திலே கிடக்கிறது. ஒரே சொல் ஓரிடத்தில் ஒன்றையும், கடல் கடந்த பின் முற்றிலும் வேறொன்றையும் உணர்த்தக்கூடும் என்பதை அறுபது வயதைத் தாண்டிய பின்னரே நான் அறிந்தேன். எனக்கு அதை அறிவித்த சொல் ‘பனி’.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வடமராட்சியிலே தமிழாசிரியனாய் இருந்தவன் நான். பெரும்பொழுது ஆறு என்றும், அவற்றுள் மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்றும் எத்தனையோ வகுப்புகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். நெடுநல்வாடையிலே கையில் கொள்ளி ஏந்திய இடையர் குளிரால் நடுங்கும் காட்சியை வியர்வையைத் துடைத்துக்கொண்டே விளக்கியிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. புல் நுனியில் நீர்த்துளி, வைகறையில் பனைமரங்களுக்கிடையே மெல்லிய புகைமூட்டம், தோட்டத்துக்குப் போகிறவரின் தலையிலே சுற்றிய துவாய். எங்கள் பனி இவ்வளவுதான். ‘பனி பிடிக்கும், தலையை மூடு’ என்பது எங்கள் அன்னையர் பிள்ளைகளுக்குச் சொல்லும் எச்சரிக்கை.

என் தம்பி 1986ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் கனடா போய்ச் சேர்ந்தான். அதே ஆண்டு ஆவணியிலேதான் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை அந்நாட்டு மீனவர் கரைசேர்த்தனர். தம்பி விமானத்திலே சென்றவன். ரொறன்ரோ நகரின் வெலஸ்லி வீதிக்கு அண்மையில் ஒரு தொடர்மாடி வீட்டில் இன்னும் ஐவரோடு தங்கியிருந்தான். அவனது முதற்கடிதத்தில் இரண்டு வரிகள் இன்றும் நினைவில் உள்ளன: “நான் நல்ல சுகம். இங்கே இப்போது பனிக்காலம்.”

அம்மா அதைக் கேட்டுவிட்டு என்னிடம் பதில் எழுதச் சொன்னார். “பனி பிடிக்கும். வெளியிலே போகும்போது தலையைத் துவாயால் வடிவாகக் கட்டச் சொல்.” நானும் எழுத்துப் பிழையின்றி அதை எழுதி, முத்திரை ஒட்டி அனுப்பினேன்.

ஆண்டுகள் சென்றன. தம்பியின் பணத்தில் தங்கையின் கலியாணம் நடந்தது; வீட்டுக்கு ஓடு மாற்றப்பட்டது. 1990க்குப் பின் ஊரிலே மின்சாரம் இல்லை. மாதக்கணக்கில் தாமதித்து வரும் அவனது கடிதங்களை ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். எல்லாம் எட்டு வரிகளுக்குள் அடங்கிவிடும். எனக்கு அது பெருங்குறையாகப்பட்டது. ஒருமுறை கடிந்தே எழுதினேன்: “உனக்குக் கட்டுரை எழுதக் கற்பித்தவன் நான். பெற்ற தாய்க்கு எட்டு வரிக்கு மேல் எழுத உனக்குச் சொல் இல்லையா?” அதற்கு அவன் பதில் எழுதவில்லை. அடுத்த கடிதமும் எட்டு வரிதான்.

1999ஆம் ஆண்டு வந்த கடிதம் ஒன்று மட்டும் சற்று வேறாக இருந்தது. “இங்கே ஆமி வந்து நிற்கிறது” என்று அது தொடங்கிற்று. அம்மா நெஞ்சில் கை வைத்துவிட்டார். அடுத்த வரியை வாசித்த பிறகே மூச்சு வந்தது. அவ்வாண்டு தை மாதத்தில் ரொறன்ரோவிலே அடுத்தடுத்துப் பெய்த பனியை அள்ளி முடிக்க இயலாமல் நகர மேயர் இராணுவத்தை உதவிக்கு அழைத்திருந்தார். பனி அள்ள இராணுவமா என்று நாங்கள் சிரித்தோம். அள்ளவேண்டிய பனி எத்தகையது என்று அப்போதும் நான் எண்ணிப்பார்க்கவில்லை.

முதற் பாடம்

ஓய்வுபெற்ற பின், 2004ஆம் ஆண்டு புரட்டாதியில் மகளின் அழைப்பில் நானும் ரொறன்ரோ வந்தேன். அம்மா அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே காலமாகிவிட்டார். கார்த்திகைவரை குளிர் எனக்குப் புதுமையாகவே இருந்தது. முதற் பனி பெய்தபோது யன்னலருகே கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு, இலவம்பஞ்சு காற்றிலே பறப்பது போன்ற அந்த அழகை மாலைவரை பார்த்துக்கொண்டிருந்தேன். அது யன்னலின் உட்புறமிருந்து கண்ட பனி.

தை மாதத்தில் ஒரு காலை. வானம் முகிலின்றி நீலமாய் இருந்தது, வெயில் எறித்தது. வெயில் எறித்தால் வெப்பம் இருக்கும் என்பது என் அறுபது ஆண்டு அனுபவம். நூலகத்திலே தமிழ் நூல்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்ததால், மகளும் மருமகனும் வேலைக்குப் போன பின் தனியே புறப்பட்டேன். பருத்திச் சேட்டு, அதன்மேல் பொத்தான் பூட்டாத மேலங்கி, ஊரிலிருந்து கொண்டுவந்த தோற் சப்பாத்து. கையுறையும் தொப்பியும் வீட்டிலே கிடந்தன.

பஸ் உடனே வரவில்லை. முதலில் விரல்கள் வலித்தன. காதுகள் ஊசி குத்துவது போல் எரிந்தன. சிறிது நேரத்தில் வலி நின்றது. உடல் பழகிவிட்டது என்று நான் மகிழ்ந்தேன். அருகே நின்ற முதிய மாது ஒருவர் என்னை உற்றுப்பார்த்து ஏதோ கூவினார். அனுமதி கேளாமலே தம் கழுத்துத் துணியை அவிழ்த்து என் காதுகளை மூடிக் கட்டினார். என் கைகளை மேலங்கிக்குள்ளே செலுத்தி அக்குளில் வைக்கச் செய்தார். என் காது நுனி வெண்மையாகிவிட்டது என்று அவர் சொன்னது பின்னரே விளங்கிற்று. வலி நிற்பதுதான் ஆபத்தின் அறிகுறி; தசை உறையத் தொடங்குகையில் முதலில் உணர்ச்சி போய்விடுகிறது. வீட்டுக்குத் திரும்பிக் கைகளை இளஞ்சூட்டு நீரில் வைத்தபோது, போயிருந்த வலி வட்டியோடு திரும்பி வந்தது. நான் குழந்தையைப் போல அழுதேன். அதை வீட்டில் எவரும் காணவில்லை.

தம்பி நடத்திய வகுப்பு

அன்றிரவு தம்பி வந்தான். கையிலே ஒரு பை. அதிலிருந்தவற்றை ஒவ்வொன்றாய் மேசையில் பரப்பி, எனக்கு வகுப்பு எடுத்தான்.

முகில் இல்லாத நாளே இங்கே பெரும்பாலும் கடுங்குளிர் நாள் என்றான். முகில் ஒரு போர்வை. அது இல்லாத இரவில் நிலத்தின் வெப்பமெல்லாம் வானுக்குப் போய்விடுகிறது. தடித்த ஆடை ஒன்றைவிட மெல்லிய ஆடைகள் மூன்று மேலானவை. இடையிடையே அகப்பட்டு நிற்கும் காற்றுத்தான் உடலின் வெப்பத்தைக் காக்கிறது. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகி உடலைக் குளிரச் செய்யும். கம்பளி ஈரத்திலும் சூடு தரும். வாழ்நாளெல்லாம் பருத்தியையே உயர்ந்ததென்று உடுத்தவன் நான். அதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. சப்பாத்து இறுக்கமாய் இருத்தல் ஆகாது. தடித்த மேசு போட்ட பின்னும் விரல்கள் அசைய இடம் வேண்டும். விரல்களைப் பிரித்து வைக்கும் கையுறையைவிட நான்கு விரல்களையும் ஒன்றாய் அடக்கும் கையுறை நல்லது. “கூட்டுக் குடும்பம் மாதிரி, அண்ணை. ஒண்டுக்கு ஒண்டு சூடு குடுக்கும்” என்றான்.

பின்னர் காற்றைப் பற்றிச் சொன்னான். நம் உடலைச் சுற்றி மெல்லிய வெப்பக் காற்றுப் படலம் ஒன்று எப்போதும் உண்டு. வீசும் காற்று அதனைப் பறித்துச் செல்கிறது. வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே 15 பாகை காட்டும்போது மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், தோலுக்கு அது கழித்தல் 26 பாகையாகவே படும். 1940களில் அமெரிக்க ஆய்வாளர்களான சைப்பிளும் பாசலும் அந்தாட்டிக்காவிலே நீர் உறையும் வேகத்தை அளந்து தொடங்கிவைத்த கணக்கு இது. 2001இல் கனடாவும் அமெரிக்காவும் அதைத் திருத்தி அமைத்தன. அந்த எண் கழித்தல் 28ஐத் தொட்டால், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் உறையலாம். “காலமை எழும்பினால் முதல்ல அந்த இலக்கத்தைப் பாருங்கோ. பிறகு உடுப்பைப் பாருங்கோ.”

நடப்பதற்கும் பாடம் இருந்தது. பனிக்கட்டி மீது அடியை எட்டி வைக்கலாகாது; குறுகிய அடியாய், பாதம் முழுவதும் படிய, உடல் சற்றே முன் சாய நடக்கவேண்டும். பனிக்கட்டி உருகுவதற்கு வீதியெங்கும் உப்பு இடுகிறார்கள். ஆனையிறவு உப்பளத்தைக் கண்ட எனக்கு, வீதிக்கு உப்பிடும் ஊரைக் காண்பது அதுவே முதற்றடவை.

“இதெல்லாம் உனக்கு ஆர் படிப்பிச்சது?” என்று கேட்டேன்.

“ஒருதரும் இல்லை. முதல் பனிக்காலம் படிப்பிச்சது.”

அதன் பிறகு அவன் சொன்னவை எந்தக் கடிதத்திலும் வராதவை. இரவிலே உணவகமொன்றில் கோப்பை கழுவிவிட்டு, விடியற்காலை மூன்று மணிக்குப் பத்திரிகைக் கட்டுகளோடு வீடு வீடாய்ப் போயிருக்கிறான். கடதாசியை எண்ணக் கையுறை தடை என்று அதைக் கழற்றிவிட்டு எண்ணியிருக்கிறான். வலது கைச் சுண்டுவிரலை என் முன் நீட்டினான். அதன் நுனியிலே இன்றுவரை உணர்ச்சி இல்லை.

“ஏன் எழுதேல்லை?”

“எழுதினா அம்மா சாப்பிடமாட்டா. நீங்கள் திரும்பி வா எண்டு எழுதுவியள். அந்த நேரம் திரும்பி வந்திருக்கேலுமோ, அண்ணை?”

அவன் முதற் பனிக்காலத்தைக் கழித்து முடித்தபோது ஊரிலே 1987ஆம் ஆண்டின் வடமராட்சிப் போர் நடந்துகொண்டிருந்தது. நான் பதில் சொல்லவில்லை. எட்டு வரிகளைக் குறைகூறி நான் எழுதிய கடிதம் நினைவுக்கு வந்தது. விறைத்த விரல்களால் எழுதப்பட்ட வரிகள் அவை. நான் அவற்றை எண்ணிப் பார்த்துக் குற்றம் கண்டிருந்தேன்.

வீட்டினுட் குளிர்

உடுப்பால் தடுக்கக்கூடிய குளிர் ஒன்று. தடுக்க முடியாத குளிர் வேறொன்று. மார்கழியில் யாழ்ப்பாணத்திலே பகல் பதினொன்றரை மணி நேரம். ரொறன்ரோவிலே ஒன்பது மணிக்குச் சற்றுக் குறைவு. மாலை ஐந்து மணிக்கு முன்னரே இருட்டிவிடும். சூடாக்கிய வீட்டுக் காற்று ஈரமின்றி வரண்டு, உதட்டையும் தோலையும் வெடிக்கச் செய்யும். அதற்கு நல்லெண்ணெயும், தாகமில்லாதபோதும் பருகும் நீரும் போதும். இருட்டுக்கு அத்தகைய மருந்து இல்லை. விழுந்துவிடுவேனோ என்ற அச்சத்தில் அந்தத் தை முழுவதும் நான் வெளியே போகவில்லை. தைப்பொங்கலன்று குசினி அடுப்பிலே பால் பொங்கிற்று. யன்னல் கண்ணாடிக்கு அப்பாலிருந்த சூரியனைக் கும்பிட்டேன். ஊர்க் கோயில் மணியையும் முற்றத்துக் கோலத்தையும் நினைத்து, உணவிலும் பேச்சிலும் விருப்பம் இழந்திருந்தேன்.

அதையும் தம்பியே கண்டுகொண்டான். மாசி தொடங்கியதும், வேலையில்லாத நாள்களில் மதியம் வந்து என்னை வெளியே அழைத்துச் செல்வான். இருபது நிமிடம் நடை. “வீட்டுக்குள்ள இருந்தா குளிர் கூடும், அண்ணை” என்பான். அது உண்மையென்று பங்குனிக்குள் தெரிந்துகொண்டேன். உடல் அசைந்தால் சூடு பிறக்கிறது. எதிரே வருபவர் தலையசைத்தால், தனிமையும் சற்றுக் குறைகிறது. அடுத்த பனிக்காலத்தில் எவர் துணையுமின்றி நூலகம் போய்வந்தேன்.

இப்போது எங்கள் ஊர்களிலிருந்து படிக்க வரும் இளைஞர்கள் சிலரை அதே நூலகத்தில் சந்திக்கிறேன். உடுப்பைப் பற்றிக் கேட்கிறார்கள்; பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம். அதன் பின் நான் அவர்களிடம் ஒன்று கேட்பேன்: “வீட்டுக்கு என்ன சொன்னீர்கள்?” எல்லோரும் ஒரே விடையைத் தருகிறார்கள்: “நல்ல சுகம் என்று சொன்னோம்.” கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும் காலத்திலும் அந்த வரி மாறவில்லை. அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அஞ்சும்படி சொல்லவேண்டாம்; ஆனால் பனி என்றால் இங்கே என்னவென்று சொல்லுங்கள். அங்கே இருப்பவர் அறியாத துன்பத்திற்கு ஆறுதல் அனுப்ப அவர்களால் இயலாது.

தம்பியிடம் ஒருநாள் கேட்டேன்: “அம்மா துவாய் கட்டச் சொல்லி நான் எழுதின கடிதம் கிடைச்சபோது சிரிச்சிருப்பாய்?”

“இல்லை, அண்ணை. கட்டினனான். கம்பளித் தொப்பிக்குள்ள. அந்தப் பனிக்காலம் முழுக்க.”